மூன்று ஷிப்டுக்கு நடுவே பிள்ளை வளர்ப்பு

திண்டுக்கல் மாவட்டத்தில் வேடசந்தூர், வடமதுரை, குஜிலியம்பாறை பக்கத்துக் கிராமங்களில் மில் வண்டி வரும் நேரத்தை வைத்துத்தான் உலை வைக்கிறார்கள், பிள்ளையைக் குளிப்பாட்டுகிறார்கள், மாமியாரிடம் விட்டுவிட்டு ஓடுகிறார்கள். இந்த வாரம் பகல் ஷிப்டு, அடுத்த வாரம் அரை ஷிப்டு, அதற்கடுத்து நைட் என்று வேலை சுழலும்போது வீடும் கூடவே சுழல்கிறது. இதையெல்லாம் தாங்கிக்கொண்டு குடும்பம் நடத்துகிற பெண்ணை "கெட்டிக்காரி, சமாளிச்சுக்குவா" என்று ஊர் பாராட்டும். அந்தப் பாராட்டில் எனக்கு உடன்பாடில்லை. அவள் சமாளித்துக்கொண்டிருப்பதில் பாதி, சட்டப்படி வேறொருவர் செய்து கொடுத்திருக்க வேண்டிய வேலை.

பேறுகாலத்திலிருந்தே தொடங்குவோம். பிரசவ நாளுக்கு முந்தைய 12 மாதங்களில் 80 நாள் வேலை பார்த்திருந்தால், முதல் இரண்டு குழந்தைகளுக்கும் தலா 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. அதில் அதிகபட்சம் 8 வாரத்தைப் பிரசவத்துக்கு முன்பே எடுக்கலாம். ஏற்கெனவே இரண்டு குழந்தைகள் இருந்தால் 12 வாரம். கரு கலைந்துபோனாலும் 6 வார விடுப்பு உண்டு. உடம்பும் மனசும் நொந்து கிடக்கும் பெண்ணை நாலாம் நாளே வண்டியேறச் சொல்லும் வழக்கம் இருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

இ.எஸ்.ஐ.யில் இருக்கும் தொழிலாளிக்கு இந்த விடுப்புச் சம்பளத்தை முதலாளி தருவதில்லை, இ.எஸ்.ஐ. கழகமே தருகிறது. மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குவோருக்கு இது பொருந்தும். சம்பளத்தில் 0.75 சதவீதம் பிடிப்பார்கள், நிறுவனம் 3.25 சதவீதம் கட்ட வேண்டும். பேறுகாலப் பணத்துக்கு, முந்தைய இரண்டு சந்தா காலங்களில் 70 நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும். சிக்கல் இங்கேதான் வரும். ஏஜென்ட் மூலம் கான்ட்ராக்டில் சேர்ந்த பல பெண்களுக்குத் தங்கள் இ.எஸ்.ஐ. எண்ணே தெரியாது. பிடித்தம் நடக்கிறதா, பிடித்தது கட்டப்படுகிறதா என்று பிரசவத்துக்குப் போகும்போதுதான் விசாரிக்கிறார்கள். கல்யாணம் முடிவாகும்போதே இ.எஸ்.ஐ. எண்ணை வாங்கி, திண்டுக்கல் கிளை அலுவலகத்தில் சந்தா விவரத்தைச் சரிபார்த்துவிடுங்கள். கான்ட்ராக்டர் கட்டாமல் போனால் பொறுப்பு மில் நிர்வாகத்துக்கும் உண்டு.

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. 1961-ஆம் ஆண்டு மகப்பேறு சலுகைச் சட்டத்தின் உரிமைகள் இப்போது சமூகப் பாதுகாப்புத் தொகுப்புக்குள் இருக்கின்றன. "அந்தச் சட்டமெல்லாம் இப்ப இல்லம்மா" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். 26 வாரம் அப்படியே இருக்கிறது. பேறுகால விடுப்பில் இருப்பவரை வேலையைவிட்டு நீக்கக் கூடாது என்பதும் அப்படியே இருக்கிறது. 2025 மே மாதம் தருமபுரி மாவட்ட அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவரின் வழக்கில், பேறுகால விடுப்பு பெண்ணின் இனப்பெருக்க உரிமையின் ஒரு பகுதி என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. தமிழக அரசு தன் பெண் ஊழியர்களுக்கு 2021 ஜூலை முதல் ஓராண்டு விடுப்பு தருகிறது. ஒரே தெருவில் டீச்சருக்கு ஓராண்டு, மில் தொழிலாளிக்கு ஆறு மாதம். அந்த ஆறு மாதமாவது முழுசாகக் கிடைக்க வேண்டும்.

விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பும் நாள்தான் எல்லோரும் இடறுகிற இடம். ஆண், பெண் சேர்த்து 50 பேர் அல்லது அதற்கு மேல் வேலை பார்க்கும் நிறுவனத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும். தாய் ஒரு நாளில் நான்கு முறை போய்ப் பிள்ளையைப் பார்க்கலாம். குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை பாலூட்டுவதற்கு இரண்டு இடைவேளை தனியாகத் தர வேண்டும். பல ஆலைகளில் காப்பகம் என்று பலகை தொங்கும், உள்ளே சாக்கு மூட்டை இருக்கும். கேட்டால், "யாரும் பிள்ளையக் கொண்டு வர்றதில்லையே" என்பார்கள். பஞ்சுத் தூசிக்குப் பக்கத்தில், ஆயா இல்லாத அறையில் எந்தத் தாய் பிள்ளையை விடுவாள்? வண்டியில் கைக்குழந்தையை ஏற்ற இடமுண்டா? அறையைத் திறந்தால் போதாது, அது பிள்ளை இருக்கக்கூடிய இடமாக இருக்க வேண்டும் என்று கேட்கத் தொழிலாளிகளுக்கு முழு உரிமை உண்டு.

நைட் ஷிப்டும் அப்படித்தான். பெண்கள் இரவில் ஆலையில் வேலை செய்யக் கூடாது என்ற பழைய தடையை 2000-ல் சென்னை உயர் நீதிமன்றம் நீக்கியபோது, பாதுகாப்பும் போக்குவரத்தும் உட்பட நிபந்தனைகள் விதித்தது. இன்றைய சட்டமும் இரவு 7 மணிக்குப் பிறகும் காலை 6 மணிக்கு முன்பும் பெண்ணின் சம்மதம் வேண்டும் என்கிறது. ஓவர்டைமுக்கும் சம்மதம் வேண்டும், கூலி இரட்டிப்பாகத் தர வேண்டும். சேரும்போதே வெற்றுத் தாளில் வாங்கிய கையெழுத்தைச் சம்மதமாக ஏற்க முடியாது.

இத்தனை உரிமை இருந்தும் ஏன் கேட்பதில்லை? தனியாகக் கேட்டவளுக்கு அடுத்த மாதம் வேலை இருக்காது என்ற பயம்தான். இந்தப் பயத்துக்குத் திண்டுக்கல்லிலேயே ஒரு பதில் உருவானது. 2021 ஜனவரியில் இங்கே ஆடை ஆலை ஒன்றில் வேலை பார்த்த இளம்பெண் கொல்லப்பட்டார். அதன்பின் பெண்கள் தலைமையிலான தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் தொடர்ந்து போராடியது. 2022 ஏப்ரலில் அந்தச் சங்கமும் ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் நிறுவனமும் எச் அண்ட் எம் பிராண்டும் ஒப்பந்தம் செய்தன. உலகத் தொழிற்சங்க வட்டாரங்கள் இதைத் திண்டுக்கல் ஒப்பந்தம் என்கின்றன. பெண்கள் மீதான வன்முறைக்கு எதிராக ஆசிய ஆடைத் துறையில் சட்டப்படி கட்டுப்படுத்தும் முதல் ஒப்பந்தம் என்று இது பேசப்பட்டது. தொழிலாளிகளிலிருந்தே பயிற்சி பெற்ற கண்காணிப்பாளர்கள் ஷெட்டுக்குள் இருப்பார்கள், பிரச்சினை பெரிதாகும் முன்பே எடுத்துப் பேசுவார்கள் என்பது அதன் உயிர்நாடி. நான்கு பேர் சேர்ந்து கேட்டால் சூப்பர்வைசரின் குரல் தணியும் என்பதை இங்கேயுள்ள பெண்கள் செய்து காட்டியிருக்கிறார்கள். காப்பகத்துக்கும் இரவு வண்டிக்கும் அதே வழி பொருந்தும்.

சங்கம் இல்லாத இடத்தில், பலர் கையெழுத்திட்ட மனுவை நிர்வாகத்துக்குப் பதிவு வசதியுடன் ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள். தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் திண்டுக்கல் அலுவலகமும், கலெக்டர் அலுவலகத்தில் திங்கள்தோறும் நடக்கும் குறைதீர் கூட்டமும் அடுத்த படிகள். பாலியல் தொல்லை என்றால், 10 பேர் அல்லது அதற்கு மேல் உள்ள நிறுவனத்தில் புகார்க் குழு கட்டாயம்; சம்பவம் நடந்து 3 மாதத்துக்குள் புகாரை எழுத்தில் தர வேண்டும். இலவச வழக்கறிஞருக்கு 15100, பெண்கள் உதவிக்கு 181.

நிலக்கோட்டைப் பக்கம் விடியுமுன் மல்லிகை பறிக்கப் போகிற அம்மாவுக்கு இதில் பெரும்பாலானவை எட்டாது. பூந்தோட்டத்துக்குக் காப்பகச் சட்டம் கிடையாது. 2005-ஆம் ஆண்டின் நூறு நாள் வேலைச் சட்டம் ஒரு நல்ல வழி சொல்லியிருந்தது: வேலை நடக்கும் இடத்தில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஐந்து பேர் அல்லது அதற்கு மேல் இருந்தால், அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை வைத்து அவருக்கும் கூலி தர வேண்டும். பிள்ளையைப் பார்ப்பதும் கூலிக்குரிய வேலை என்று எழுதி வைத்த அந்த வரி எனக்கு மிகவும் பிடிக்கும். காட்டு வேலைக்குப் போகும் பெண்கள் உழவர் பாதுகாப்புத் திட்டத்தில் பதிவு செய்தால் பிள்ளைகளின் படிப்புக்கு உதவித்தொகையாவது வரும்.

காப்பகச் சட்டம் ஆறு வயதோடு நின்றுவிடுகிறது. பதின்மூன்று வயதுப் பெண்ணுக்கும் பதினாறு வயதுப் பையனுக்கும் அம்மா தேவையில்லை என்றா அர்த்தம்? பள்ளி விட்டு நான்கரைக்கு வருகிற பிள்ளை, இரவு பதினொன்றுக்கு அம்மா வரும்வரை தனியாக இருக்கிறது. கையில் போன். மூத்தது பெண்ணானால் தம்பி தங்கையைக் குளிப்பாட்டிச் சோறாக்கிப் போடுகிறாள், பத்தாம் வகுப்பு அரைகுறையாக முடிகிறது. அடுத்து அவளும் மில்லுக்கு. மூன்று வருடம் வேலை பார்த்தால் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் என்று ஆசை காட்டிய சுமங்கலித் திட்டத்தின் நிழல் இந்த மாவட்டத்திலிருந்து முழுதாக விலகவில்லை. 14 வயதுக்குக் கீழே மில்லிலோ பட்டறையிலோ வேலைக்கு வைப்பது குற்றம். 18 வரை ஆபத்தான வேலைக்கு வைப்பதும் குற்றம்.

இன்னொன்றை வீட்டிலேயே பேச வேண்டும். மகள் யாரிடமோ பேசுகிறாள் என்று தெரிந்ததும் பதறிப்போய், பதினாறு வயதில் அவசர அவசரமாகக் கட்டிக் கொடுக்கிறார்கள். குழந்தைத் திருமணம் குற்றம், நடத்தி வைத்தவர்களும் குற்றவாளிகள். 18 வயதுக்குட்பட்ட பிள்ளையோடு பாலியல் உறவு, அவள் விருப்பத்தோடு நடந்தாலும், தாலி கட்டியிருந்தாலும் போக்சோ சட்டத்தில் குற்றமே. பயந்து கட்டிக் கொடுப்பதற்குப் பதில் 1098-க்குப் போன் செய்யுங்கள். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் ஆற்றுப்படுத்துநர்கள் இருக்கிறார்கள். படிக்க வைக்க வழியும் உண்டு. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி சேரும் பெண்ணுக்கு 2022-ல் புதுமைப்பெண், பையனுக்கு 2024-ல் தமிழ்ப் புதல்வன் என மாதம் 1,000 ரூபாய் தரும் திட்டங்கள் தொடங்கப்பட்டன.

அப்பாக்களிடமும் ஒரு வார்த்தை. தனியார் வேலையில் தந்தைக்கு விடுப்பு தரச் சட்டம் இல்லை, அது அரசின் குறை. ஆனால் நைட் ஷிப்டு முடித்து வந்த மனைவி மூன்று மணி நேரம்கூடத் தூங்காமல் அடுப்படியில் நிற்பதற்கு எந்தச் சட்டமும் காரணமில்லை. தூக்கமில்லாத உடம்பு இரத்தசோகையோடு சேர்ந்தால், எரிந்து விழும், பிள்ளையை அடிக்கும், காரணமில்லாமல் அழும். அது அவள் குணமில்லை. உடம்பு முடியாதபோது இ.எஸ்.ஐ. டாக்டர் சான்று தந்தால் ஆண்டுக்கு 91 நாள் வரை 70 சதவீதச் சம்பளம் கிடைக்கும், அதை எடுக்கச் சொல்லுங்கள். மனச்சோர்வுக்கு 14416-இல் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை, எந்த நேரமும் எடுப்பார்கள்.

மாலை நேரத்துப் பிள்ளைகளுக்கு ஊரே சேர்ந்துதான் வழி பார்க்க வேண்டும். கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். ஏழு மணி வரை ஒரு வகுப்பறையைத் திறந்து வைக்க, படித்த பெண் ஒருவரை மேற்பார்வைக்கு வைக்க, பஞ்சாயத்திடம் விளக்கு கேட்க அந்தக் குழு தீர்மானம் போடலாம். அதற்கு முன்னால் ஒன்று: கூட்டத்தை மில்லுக்கு வார விடுமுறை விடும் நாளில் வைக்கச் சொல்லுங்கள்.