வீட்டிலேயே சாஃப்ட் பிளாஸ்டிக் லூர் செய்வது எப்படி? சமையலறை மைக்ரோவேவில் ஏன் கூடாது?

எலக்ட்ரானிக் சிட்டிக்கும் பொம்மசந்திராவுக்கும் நடுவில் இருக்கும் ஹெப்பகோடி பக்கம் பிஜி-யிலோ அபார்ட்மென்ட்டிலோ தங்கி, சனி ஞாயிறில் விராலுக்குத் தூண்டில் போடுற ஆளா நீங்க? அப்போ இது தெரிஞ்ச கதைதான்: ஒரு பாக்கெட்டில் சில லூர்கள்தான் இருக்கும், விரால் ஒரு கடி கடிச்சா வால் போச்சு. அதை வீட்டிலேயே செய்ய முடியுமா? முடியும். ஆனா அது சமையல் மாதிரி தெரியுமே தவிர, சமையல் இல்லை.

இது எப்படித் தொடங்கியது?

தொடங்கியதே ஒரு வீட்டில்தான். 1949-ல் அமெரிக்காவின் ஓஹியோ மாநிலம் ஆக்ரான் நகரில், நிக் க்ரீம் என்பவர் வீட்டு அடுப்பில் வினைல், எண்ணெய், நிறமி கலந்து செயற்கை மண்புழுவை வார்த்தார். அது பின்னர் 'க்ரீம் லூர்' நிறுவனமாக வளர்ந்தது.

எதில் செய்கிறார்கள்?

பிளாஸ்டிசால் என்ற பால் போன்ற திரவத்தில். பிவிசி தூளும், அதை மென்மையாக்கும் பிளாஸ்டிசைசர் எண்ணெயும் சேர்ந்த கலவை இது. சூடாக்கினால் முதலில் கெட்டியாகும். சுமார் 170-180 டிகிரி செல்சியஸில் தெளிந்த திரவமாகி, ஆறினதும் ரப்பர் மாதிரி நிற்கும். 'ஃப்தாலேட் இல்லாதது' என்று குறிப்பிட்டதையே வாங்குங்க. ஃப்தாலேட் வகைகள் சில உடலின் ஹார்மோன்களைப் பாதிக்கக்கூடியவை.

செய்முறை என்ன?

1. தூள் அடியில் தங்கியிருக்கும். பாட்டிலை நல்லா குலுக்குங்க.
2. சூடு தாங்கும் கண்ணாடிக் கப்பில் ஊற்றி, இதற்கென்றே ஒதுக்கிய மைக்ரோவேவில் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடாக்குங்க. ஒவ்வொரு தடவையும் வெளியே எடுத்துக் கிளறி, இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரில் அளந்து பாருங்க.
3. தெளிந்ததும் நிறமி, மினுக்கு சேர்த்து அச்சில் ஊற்றுங்க. அலுமினியம், சிலிகான் அச்சு நல்லது. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சு என்றால் முழுசா காய்ந்து, மேலே எபாக்ஸி பூசியிருக்கணும்.
4. அச்சிலிருந்து எடுத்ததும் நேராகப் படுக்க வையுங்க. வளைந்து ஆறினால் அப்படியே நின்றுவிடும்.

எங்கே ஆபத்து?

மூன்று இடங்களில். முதலாவது, அதிக சூடு. 200 டிகிரியைத் தாண்டினால் பிவிசி மஞ்சளாகிக் கருகும். ஹைட்ரஜன் குளோரைடு வாயு வெளிவரும். இது தொண்டையையும் நுரையீரலையும் எரிக்கும். துணி மாஸ்க்கோ என்95 மாஸ்க்கோ வாயுவைத் தடுக்காது. அதனால் மூடிய பிஜி ரூம் வேண்டாம். காற்றோட்டமான பால்கனி அல்லது மொட்டைமாடிதான் சரி. சாப்பாடு சூடாக்கும் மைக்ரோவேவும், சமையல் பாத்திரமும் கூடவே கூடாது.

இரண்டாவது, ஈரம். ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலும் நீராவியாகி, கொதிக்கிற பிளாஸ்டிக்கைத் தெறிக்க வைக்கும். கண்ணாடி, கையுறை, முழுக்கைச் சட்டை அவசியம்.

மூன்றாவது, தீக்காயம். தோலில் பட்டால் ஒட்டிக்கொள்ளும். பிய்த்து எடுக்காதீங்க. 20 நிமிஷம் குழாய்த் தண்ணீரில் காட்டிட்டு டாக்டரிடம் போங்க. டூத்பேஸ்ட், இங்க் எதுவும் தடவாதீங்க.

செலவு மிச்சமாகுமா?

அச்சு, தெர்மாமீட்டர், தனி மைக்ரோவேவ் என்று பார்த்தால் முதல் முறை மிச்சமாகாது. உண்மையான லாபம் வேறு: கிழிந்த பிவிசி லூர்களை வெட்டி மறுபடி உருக்கலாம். ஆனா டிபிஇ வகை லூர்களை இதோடு சேர்க்காதீங்க. ஒரே டப்பாவில் ஒன்றாக வைத்தாலே இரண்டும் உருகி ஒட்டிக்கொள்ளும்.

ஏரிக்கு என்ன ஆகும்?

அறுந்து விழும் லூர் மக்காது. மீன் விழுங்கினால் செரிக்காது. ஹெப்பகோடி ஏரியே கழிவுநீரால் கெட்டு, பிறகு சீரமைக்கப்பட்ட ஏரி. கிழிந்த துண்டை அங்கே வீசாமல் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டு வந்தால், அதுவே அடுத்த லூருக்கு மூலப்பொருள்.

இன்னொன்று: கர்நாடகாவில் பல ஏரிகளின் மீன்பிடி உரிமை குத்தகைக்கு விடப்படுகிறது. எந்த ஏரியாக இருந்தாலும், தூண்டில் போடுவதற்கு முன் அனுமதி உண்டா என்று கேட்டுக்கோங்க.