பழைய வேட்டைக் கத்திக்குப் புதுப் பிடி

சேவுகம்பட்டி, வத்தலக்குண்டு சுத்து வட்டாரத்தில் சில வீட்டுப் பரணில் இன்னும் தாத்தா காலத்து வேட்டைக் கத்தி கிடக்கலாம். 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1991 திருத்தத்துக்கு அப்புறம் முயல் வேட்டைக்குக்கூட இடமில்லை. வேட்டை போனாலும் கத்தி போகலை. கிடா உரிக்க, வாழைத்தார் வெட்ட, மட்டை சீவ என்று வேலை மாறிக்கிச்சு. அப்படி வேலை செய்யும் கத்தியில் முதலில் கைவிடுவது இரும்பு இல்லை, பிடிதான்.

இதுக்குக் காரணம் எளிது. மரம் ஈரத்தில் உப்பும், வெயிலில் சுருங்கும். இரும்பு அப்படிச் செய்யாது. நாலைந்து மழைக்காலம் போனால் ரெண்டுக்கும் நடுவே இடைவெளி விழும். அதில் தண்ணியும் ரத்தமும் இறங்கும், உள்ளே துரு பிடிக்கும். துரு, தான் தின்ற இரும்பைவிட அதிக இடத்தை அடைக்கும். அதனால் பிடி உள்ளிருந்தே பிளக்கும். ஆடுகிற பிடியோடு தோல் உரித்தால், கத்தி திரும்புவது நம்ம விரல் பக்கம்தான்.

பழசைக் கழட்டுவது

முதலில் அலகுக்குக் கனமான துணி சுத்தி இறுக்கக் கட்டுங்க. பிடியின் ரெண்டு பக்கமும் கட்டை வைத்து ரிவிட் அடித்திருந்தால், ரிவிட் தலையை அரத்தால் தேய்த்துத் தட்டி எடுத்துடலாம். அலகின் வால் பிடிக்குள் புதைந்திருந்தால், பழைய கத்திகளில் பெரும்பாலும் உள்ளே அரக்குதான் இருக்கும். அரக்கு 80 டிகிரி வாக்கில் இளகிடும். பிடியை மட்டும் கொதிக்கிற தண்ணியில் பத்து நிமிஷம் வைத்து, கனத்த துணியால் பிடித்து நேராக இழுங்க. கொதிநீர் சூடு அலகின் பதத்தை ஒண்ணும் செய்யாது. அடுப்பு நெருப்பில் மட்டும் காட்டாதீங்க.

வாலைத் துரு போகத் தேய்த்துப் பாருங்க. அலகும் வாலும் சேருகிற மூலைதான் முறியும் இடம். அங்கே விரிசல் இருந்தாலோ, வால் பாதிக்கு மேல் அரிச்சிருந்தாலோ, பிடி போட்டுப் பிரயோஜனமில்லை, ஆசாரிகிட்ட கொண்டுபோங்க. மூலை வெட்டினாற்போலக் கூர்மையாக இருந்தால், உருண்டை அரத்தால் லேசாக வளைவாக்குங்க.

எந்த மரம், எந்தக் கொம்பு

பழைய பிடி மான் கொம்பாகவோ மிளாக் கொம்பாகவோ இருந்தால், அதே மாதிரி புதுசு தேடாதீங்க. அதை வாங்குவதும் விற்பதும் குற்றம். காட்டில் உதிர்ந்து கிடப்பதையும் எடுத்து வரக்கூடாது. கொம்புதான் வேணும் என்றால் வீட்டு எருமைக் கொம்பு இருக்கு.

நம்ம பக்கம் கைக்குக் கிடைப்பதில் கருவேலமும் புளியும் நல்லது. ரெண்டும் கடினம், அடி தாங்கும். ஆனா நல்லாக் காய்ந்திருக்கணும். பச்சை மரத்தில் போட்ட பிடி இன்னிக்கு இறுக்கமா இருக்கும், அது காய்ந்ததும் ஓட்டை வாய் பிளக்கும். மரத்தின் ரேகை பிடியின் நீளத்தோடயே ஓடணும், குறுக்கே ஓடினால் ஒரு அடியில் உடையும்.

வாலை உள்ளே இறக்குவது

நம்ம ஊரில் வழக்கமா வாலைச் சிவக்கக் காய்ச்சி மரத்தில் சுட்டு இறக்குவாங்க. அருவாளுக்கு ஆசாரி அதை நிமிஷத்தில் முடிச்சிடுவார். வீட்டில் செய்யும்போது ரெண்டு சிக்கல் வரும். ஒண்ணு, சூடு வாலிலிருந்து அலகுக்கு ஏறும். இரும்பு நீல நிறம் காட்டினால் அது 300 டிகிரியைத் தொட்டாச்சு, அந்த இடத்தில் பதம் இறங்கிடும், அப்புறம் எத்தனை தீட்டினாலும் கூர் நிக்காது. ரெண்டாவது, சுட்ட ஓட்டையின் சுவர் கரியாகி உதிரும், பிடி மறுபடி ஆடும்.

அதனால் டிரில்லில் துளையைக் கொஞ்சம் குறுகலாகப் போடுங்க. வாலின் வடிவத்துக்கு அடித்த வேறொரு பழைய கம்பியைக் காய்ச்சி, அதை விட்டுத் துளையைச் சரி செய்யுங்க. பிறகு கரியைச் சுரண்டி எடுத்துடணும். கத்தி நெருப்புப் பக்கமே போக வேண்டாம்.

துளை போடும் முன்னாடியே பிடியின் வாயில் பூண் ஏற்றிடுங்க. பித்தளைக் குழாய்த் துண்டு போதும். மரம் பிளப்பது வாயிலிருந்துதான், பூண் அதைக் கட்டி நிறுத்தும்.

அரக்குப் பொடியோடு சலித்த செங்கல் பொடியைக் கொஞ்சம் கலந்து துளையில் நிரப்புங்க. வாலை அரக்கு உருகும் அளவுக்கு மட்டும் சூடாக்கி, நேராக அழுத்தி, ஆறும்வரை அசையாமல் பிடியுங்க. கத்தியை வெந்நீரில் கழுவும் வீடு என்றால் அரக்கு வேண்டாம். அரால்டைட் போட்டு ஒரு நாள் முழுக்க விடுங்க. அது நல்லாப் பிடிக்கும், ஆனா அடுத்த தடவை கழட்டுவது பெரும்பாடு. அரக்கு போட்டால், நமக்கு அப்புறம் வருகிறவரும் ஒரு சட்டி வெந்நீரோடு வேலையை முடிச்சிடலாம்.

கைக்கு ஏற்றபடி சீவுவது

உருண்டையாகச் சீவாதீங்க, முட்டை வடிவம் வேணும். இருட்டிலும், கை ரத்தமாக இருக்கும்போதும், கூர் எந்தப் பக்கம் என்று உள்ளங்கைக்கே தெரியணும். அலகுப் பக்கம் ஒரு சின்ன மேடு விட்டால் விரல் முன்னால் வழுக்காது. வார்னிஷ் வேண்டாம், ஈரத்தில் வழுக்கும். தேங்காய் எண்ணெய் காயாது, பிசுபிசுக்கும். ஆளிவிதை எண்ணெயை மெல்லிசாகத் தடவி, துடைத்து, சில நாள் காய விட்டு இன்னொரு தடவை தடவுங்க.

வேலைக்கு எடுக்கும் முன், துணி சுத்திய அலகைப் பிடித்து பிடியை ஒரு கட்டையில் தட்டிப் பாருங்க. கெட்டியான ஒரே சத்தம் வரணும். சலசலப்போ இரட்டைச் சத்தமோ கேட்டால், உள்ளே இடைவெளி இருக்கு. அன்னைக்கு அந்தக் கத்தி ஆட்டுப் பக்கம் போகவேண்டாம், அதைக் கழட்டி மறுபடி அரக்கு ஊத்துங்க.