"பைலாவுல இருக்கு சார்"... அடிக்கடி கேட்கிற இந்த ‘பைலா’ன்னா என்ன? எங்கிருந்து வந்தது இந்தச் சொல்?

பார்க்கிங் தகராறா, மெயின்டனன்ஸ் பாக்கியா, நாய் வளர்ப்பதில் சிக்கலா? அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கத்து அடுக்குமாடிக் குடியிருப்புகளில் கடைசியில் வந்து நிற்பது ஒரே பதில்தான்: "பைலாவுல அப்படித்தான் இருக்கு." சரி, பைலான்னா என்ன?

‘பை’ என்றால் ஊர்!

இது ஆங்கிலச் சொல்தான். ஆனால், முன்பாதியின் பூர்வீகம் ஸ்காண்டிநேவியா. வைக்கிங்குகள் பேசிய பழைய நார்ஸ் மொழியில் ஊரைக் குறித்த சொல் அது. அவர்கள் குடியேறிய இங்கிலாந்தில் டெர்பி, கிரிம்ஸ்பி, விட்பி என்று ஊர்ப்பெயர்களில் இன்றும் இருக்கிறது, நம்ம அம்பத்தூரில் ‘ஊர்’ ஒட்டியிருப்பது போல. அதாவது பைலா என்றால் ‘ஊர்ச் சட்டம்’.

பிற்காலத்தில் அந்த ‘பை’க்கு ‘துணையான’ என்ற பொருளும் ஏறிவிட்டது. தமிழில் நாம் சொல்லும் ‘துணை விதி’ இந்தப் பொருளோடுதான் ஒத்துப்போகிறது.

உத்திரமேரூரின் ‘வியவஸ்தை’

ஊரே விதி வகுப்பது நமக்குப் புதுசு இல்லை. முதலாம் பராந்தகன் காலத்தில், 919 மற்றும் 921-ல் பொறிக்கப்பட்ட உத்திரமேரூர் கல்வெட்டுகளே சாட்சி. 30 குடும்புகளிலிருந்து குடவோலை முறையில் ஆட்களைத் தேர்ந்தெடுக்க சபையார் விதிகள் வகுத்தனர். அதற்குப் பெயர் ‘வியவஸ்தை’. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவருக்கு மட்டுமல்ல, அவரது நெருங்கிய உறவினருக்கும் இடமில்லை! இந்த விதிகளை வகுத்தது சபைதான் என்றாலும், அரசன் ஆணைப்படி, அதிகாரி முன்னிலையில்தான் வகுத்தது.

இப்போது எப்படி?

இன்றைய பைலாவும் அப்படித்தான். வகுப்பது உறுப்பினர்கள், ஆனால், சட்டத்தைத் தாண்ட முடியாது. 1975-ம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவான சங்கம் என்றால், நிர்வாகிகள் தாங்களாகவே பைலாவை மாற்றிவிட முடியாது. உறுப்பினர்கள் சிறப்புத் தீர்மானம் நிறைவேற்ற வேண்டும்.

செல்லப்பிராணி விஷயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பான்மை குடியிருப்பாளர்கள் விரும்பினாலும் அவற்றுக்குத் தடை போட முடியாது என்கிறது இந்திய விலங்குகள் நல வாரியத்தின் 2015 வழிகாட்டுதல்.

என்ன கேட்க வேண்டும்?

அடுத்த முறை "பைலாவுல இருக்கு" என்று சொன்னால், மூன்றைக் கேளுங்கள். எந்த விதி? எந்தக் கூட்டத்தில் நிறைவேறியது? பதிவாளரிடம் பதிவாகி இருக்கிறதா? நகலையும் கேட்டு வாங்கிப் படியுங்கள். ஊர்ச் சட்டம் என்றால், அந்த ஊரில் நீங்களும் ஒருவர்தானே!