உங்களுக்குத் தெரியுமா? தாடை எலும்பில் வெள்ளைத் திட்டு

பல் எக்ஸ்-ரேயில் வேருக்கு அருகே பளிச்சென்று வெள்ளைத் திட்டு தெரிந்தால், உடனே புற்றுநோயோ என்று கலங்க வேண்டாம். அந்த இடத்தில் மட்டும் எலும்பு இறுகி அடர்ந்திருக்கும். எக்ஸ் கதிரை அது அதிகம் தடுப்பதால் படத்தில் வெளுப்பாக விழுகிறது. பெரும்பாலும் கீழ்த்தாடையில், கடைவாய்ப் பற்களை ஒட்டியே காணப்படும். பல் நலமாக இருந்தால் இதை ‘எலும்புத் தீவு’ என்பார்கள். வலி கிடையாது, வீக்கம் கிடையாது, சிகிச்சையும் தேவையில்லை.

பல்லில் ஆழமான சொத்தை இருந்தால் கதை வேறு. பற்கூழில் நெடுநாள் நீடிக்கும் மெல்லிய அழற்சியால் வேர் நுனியைச் சுற்றி எலும்பு தடித்துவிடுகிறது. வைத்தியம் பல்லுக்குத்தான்: வேர் சிகிச்சை, முடியாவிட்டால் பல்லை எடுத்துவிடுவது. அதன்பின் பலருக்குத் திட்டு மெல்ல மறைந்துவிடும்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். தாடையில் பல இடங்களில் திட்டுகள், கூடவே எலும்புக் கட்டிகள், முளைக்காத பற்கள் என்றால் அது ‘கார்ட்னர்’ என்ற மரபுவழி நோயின் அடையாளமாக இருக்கலாம். அந்த நோயில் பெருங்குடலுக்குள் ஏராளமான சதைமொட்டுகள் வளரும். கவனிக்காமல் விட்டால் அவை புற்றாக மாறும். உங்கள் எக்ஸ்-ரேயில் அப்படித் தெரிந்தால், குடல் மருத்துவரையும் தாமதிக்காமல் பாருங்கள்.