சித்திரையில் மதுரை: தேதியை நிலா சொல்லும், நேரத்தை வெயில் சொல்லும்

ஏப்ரல் 16, மே 5, ஏப்ரல் 23, மே 12. கள்ளழகர் 2022 முதல் 2025 வரை வைகையில் இறங்கிய நாட்கள் இவை. சித்ரா பௌர்ணமியை ஒட்டி நடக்கும் வைபவம் என்பதால் ஆங்கிலத் தேதி ஏறக்குறைய ஒரு மாதம் முன்னும் பின்னும் நகரும். ‘பிள்ளைகளுக்கு முழுப் பரீட்சை முடியட்டும், மதுரைக்கு ஒரு நடை போய் வருவோம்’ என்று கிளம்பும் குடும்பங்கள் முதலில் இடறுவது இங்கேதான். போன வருடம் போன அதே வாரத்தில் போய் இறங்கினால், மாசி வீதியில் பந்தலைப் பிரித்துக்கொண்டிருப்பார்கள். அல்லது 2025-இல் நடந்ததுபோல, அக்னி நட்சத்திரத்துக்கு நடுவே திருவிழா வந்து நிற்கும்.

ரயிலில் இப்போது 60 நாளைக்கு முன்புதான் முன்பதிவு திறக்கிறது. 2024 நவம்பருக்கு முன் இது 120 நாளாக இருந்தது. சென்னையிலிருந்து பகலில் வைகை, தேஜஸ், வந்தே பாரத், இரவில் பாண்டியன் என்று வண்டிகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் பௌர்ணமி வாரத்துக்கு இருக்கைகள் சட்டென்று தீர்ந்துவிடும். சித்திரையில் பௌர்ணமி எந்த நாள் என்பது ஜனவரியில் சுவரில் மாட்டும் தினசரி காலண்டரிலேயே இருக்கிறது. பிப்ரவரிக்குள் நாளைக் குறித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

மீதிப் பாதிதான் கடினம். மதுரையைப் பார்க்கப் போகிறோமா, திருவிழாவைப் பார்க்கப் போகிறோமா? இரண்டையும் மூன்று நாளில் அடக்க நினைப்பவர்கள் இரண்டையும் சரியாகப் பார்ப்பதில்லை. மீனாட்சி திருக்கல்யாணத்தன்று ஆயிரங்கால் மண்டபத்துச் சிற்பங்களை நின்று ரசிக்க முடியாது. அழகர் இறங்கும் நாளில் ஆற்றங்கரையில் மாட்டிக்கொண்டவர்கள் நாயக்கர் மகாலுக்குப் போய்ச் சேர மத்தியானம் ஆகிவிடும். கோயிலும் வரலாறும்தான் நோக்கம் என்றால் அந்த ஒரு வாரத்தைத் தவிர்ப்பதே நல்லது. சித்திரை பிறக்கும் முன், பங்குனியின் பின்பாதியில் போனால் வெயிலும் சற்றுப் பொறுக்கும்படி இருக்கும்.

திருவிழாவே வேண்டும் என்பவர்களும் எல்லோரும் வரும் இரண்டு நாளைக் குறிவைக்க வேண்டியதில்லை. கொடியேற்றம் ஆன நாளிலிருந்தே மீனாட்சியும் சுந்தரேசுவரரும் காலையிலும் இரவிலும் மாசி வீதிகளை வலம் வருகிறார்கள். தினம் ஒரு வாகனம். முதல் வாரத்தில் கூட்டம் பெரும்பாலும் உள்ளூர்க் கூட்டம்தான். வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து சாமி வரக் காத்திருக்கும் பாட்டிகளை அப்போது பார்க்கலாம். குதிரை வாகனத்தில் அம்மன் வரும் நாளில் பாதத்தைக் கவனிக்க வேண்டும். 1812 முதல் 1828 வரை மதுரைக் கலெக்டராக இருந்த ரௌஸ் பீட்டர் காணிக்கையாகக் கொடுத்த, கல் பதித்த தங்க அங்கவடிகள் அங்கே இருக்கும். ‘பீட்டர் பாண்டியன்’ என்று ஊர் பேர் வைத்த வெள்ளைக்காரர் அவர்.

எட்டாம் நாள் பட்டாபிஷேகம். அன்று மீனாட்சியின் கைக்குச் செங்கோல் வருகிறது. ஆவணியில் சொக்கநாதர் முடிசூடும் வரை ஊரில் அம்மனின் ஆட்சி. கோடையில் மதுரைக்கு வருகிறவர்கள் அவள் ராஜ்யத்துக்குள்தான் கால் வைக்கிறார்கள். மறுநாள் திக்விஜயம், பத்தாம் நாள் திருக்கல்யாணம், பதினோராம் நாள் தேர்.

திருக்கல்யாணத்தை உள்ளே இருந்து பார்க்க, சமீப ஆண்டுகளில் 500, 200 ரூபாய்க் கட்டணச் சீட்டுகளை இணையத்தில் விற்கிறார்கள். கட்டணமில்லா வரிசையும் உண்டு. அதற்கு விடியும் முன்பே போய் நிற்க வேண்டும். உள்ளே போக முடியாதவர்களுக்குச் சித்திரை வீதிகளே கல்யாண மண்டபம். மாங்கல்யதாரணம் ஆனதும் அங்கங்கே நிற்கும் பெண்கள் தங்கள் தாலிக்குப் புதுச்சரடு மாற்றிக்கொள்வார்கள். சாப்பாடு வடக்கு வெளி வீதி சேதுபதி பள்ளியில். சாப்பிட்டுவிட்டு மொய் எழுதுகிறவர்களும் உண்டு, மீனாட்சி கல்யாணமாயிற்றே! 1904-இல் பாரதியார் சில மாதங்கள் தமிழாசிரியராக இருந்த பள்ளி அது.

தேர் ஓடுவது மாசி வீதியில், மாதமோ சித்திரை. மாசியில் நடந்துவந்த கல்யாணத்தைச் சித்திரைக்கு மாற்றி, அழகர் விழாவோடு சேர்த்தவர் திருமலை நாயக்கர் என்கிறார்கள். அறுவடை முடிந்து குடியானவர்கள் கையில் காசும் ஓய்வும் இருக்கும் காலம், தேர் இழுக்க ஆள் கிடைக்கும் என்பது சொல்லப்படும் காரணம். சைவ விழாவுக்கும் வைணவ விழாவுக்கும் முடிச்சுப் போட்டுப் பெருங்கூட்டத்தை ஊருக்குள் கொண்டுவந்த அந்தத் திட்டம், நான்கு நூற்றாண்டுக்குப் பிறகும் தங்கும் விடுதிகளை நிரப்பிக்கொண்டிருக்கிறது.

அழகரின் கதை வேறு மாதிரி. ஊருக்கு வடக்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டரில் இருக்கும் மலையிலிருந்து கள்ளர் வேடத்தில் கிளம்பி, வழிநெடுக மண்டகப்படிகளில் நின்று நின்று வருகிறார். மூன்றுமாவடியில் மக்கள் எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவை, அன்றிரவு தல்லாகுளம் பெருமாள் கோயில். அங்கே ஆண்டாள் சூடிக் களைந்த மாலை திருவில்லிபுத்தூரிலிருந்து வந்து காத்திருக்கும். விடியலில் தங்கக் குதிரையில் ஆற்றுக்குள் இறங்கும்போது என்ன நிறத்தில் பட்டு உடுத்தியிருக்கிறார் என்பதுதான் ஊரின் முதல் கேள்வி. பச்சை என்றால் அந்த வருடம் செழிப்பு. செம்பில் நாட்டுச் சர்க்கரை நிரப்பி, வாழையிலையால் வாய் மூடி, அதன்மேல் சூடம் ஏற்றி நீட்டுகிறார்கள். தோல் பையிலிருந்து தண்ணீர் பீய்ச்சுகிறார்கள்.

இதை நேரில் பார்ப்பது பெரிய அனுபவம்தான். ஆனால் 2022-இல் இதே நெரிசலில் இரண்டு பேர் இறந்திருக்கிறார்கள். கைக்குழந்தையும் முதியவர்களும் உடன் இருந்தால் ஆற்றுக்குள் இறங்கும் ஆசையை விட்டுவிட்டு, முந்தைய நாள் எதிர்சேவையைப் பார்ப்பது புத்திசாலித்தனம். அல்லது மறுநாள் போகலாம். வண்டியூர்ப் பக்கம் தேனூர் மண்டபத்தில் கருட வாகனத்தில் வந்து மண்டூக முனிவருக்குச் சாபவிமோசனம் கொடுக்கிறார். அன்றிரவு ராமராயர் மண்டபத்தில் விடிய விடியத் தசாவதாரம். ஒவ்வொரு அவதாரத்துக்கும் அலங்காரம் மாறும்.

இனி வெயில். சித்திரையில் 38 டிகிரி மதுரைக்குப் புதிதல்ல. இதற்குக் குளிர்பானமும் தொப்பியும் மட்டும் போதாது, ஊரின் கால அட்டவணைக்கு உடம்பைப் பழக்க வேண்டும். மீனாட்சி கோயில் அதிகாலை திறந்து மத்தியானம் பன்னிரண்டரை வாக்கில் நடை சாத்தினால், மறுபடி திறப்பது நாலு மணிக்கு. அந்த இடைவெளியில் மதுரைக்காரர்கள் யாரும் ஊர் சுற்றுவதில்லை. ஆடி வீதியின் கல்தளம் பத்து மணிக்கே பாதத்தைச் சுடத் தொடங்கும். செருப்பையும் கைபேசியையும் வெளியே வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். கைபேசித் தடை 2018-இல், வீரவசந்தராயர் மண்டபத் தீ விபத்துக்குப் பிறகு வந்தது. ஆகவே கோயிலுக்கு ஆறு மணிக்குள் போவது உத்தமம். இல்லையென்றால் இரவு, பள்ளியறைப் பூஜைக்காகச் சுவாமி பல்லக்கில் அம்மன் சன்னிதிக்குப் போகும் நேரம்.

வெயிலுக்கு ஒதுங்கும் ஏற்பாட்டை நாயக்கர்கள் சாமிக்கே செய்துவைத்திருக்கிறார்கள். கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே இருக்கும் புது மண்டபம், வைகாசி வசந்த விழாவில் சுவாமி இளைப்பாறத் திருமலை நாயக்கர் கட்டியது. சுற்றிலும் தண்ணீர் நிறுத்தும் அமைப்பு உண்டு. பல தலைமுறையாகத் தையற்காரர்களும் பாத்திரக் கடைகளும் புத்தகக் கடைகளும் நிறைந்திருந்த மண்டபம் இது. கடைகள் இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்குப் போய்விட்டன.

மகாலுக்குக் காலை நேரம் நல்லது. திருமலை நாயக்கர் 1636-இல் கட்டியதில் இன்று நிற்பது ஏறத்தாழ கால்பங்குதான். பேரன் சொக்கநாத நாயக்கர் தலைநகரைத் திருச்சிக்கு மாற்றியபோது கல்லும் மரமும் பெயர்ந்து போயின. எஞ்சியதை 1866–72-இல் சென்னை கவர்னராக இருந்த நேப்பியர் பிரபு பழுதுபார்க்கச் செய்தார். இவ்வளவுதான் மிச்சமா என்று கேட்பவர்கள், அந்தத் தூண்களுக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தபின் கேட்கட்டும்.

மத்தியானத்துக்கு இரண்டு இடங்கள் உண்டு. ராணி மங்கம்மாளின் தமுக்கம் அரண்மனையில் 1959-இல் திறக்கப்பட்ட காந்தி அருங்காட்சியகம் ஒன்று. காந்தி 1921 செப்டம்பரில் மேல மாசி வீதி வீட்டில் தங்கியிருந்தபோதுதான் அரை ஆடைக்கு மாறினார். சுடப்பட்ட அன்று உடுத்தியிருந்த துணி இங்கே இருக்கிறது. இன்னொன்று, 2023-இல் திறந்த கீழடி அருங்காட்சியகம். ஊரிலிருந்து சுமார் 12 கிலோமீட்டர். செட்டிநாட்டு வீட்டு முற்றங்களைப்போலக் கட்டியிருக்கிறார்கள். கீழக்குயில்குடிச் சமணர் மலையை மட்டும் மத்தியானத்தில் தொடவே கூடாது. மொட்டைப் பாறை. விடியும்போது ஏறி, எட்டரைக்குள் இறங்கிவிட வேண்டும்.

கோடைக்கு மதுரை கொடுக்கும் சலுகைகளும் உண்டு. மார்கழியில் விலை கேட்டால் கை சுடும் மதுரை மல்லி, பங்குனி முதல் வைகாசி வரை வரத்து மிகுந்து மலிவாகக் கிடைக்கும். நெசவுக் கடைகளில் சௌராஷ்டிர மக்களின் கைவண்ணமான சுங்குடிச் சேலை, வெயிலுக்கென்றே பிறந்த பருத்தி. விளக்குத்தூண் பக்கம் பாலும் கடல்பாசியும் நன்னாரியும் ஐஸ்கிரீமும் சேர்ந்த ஜிகர்தண்டா. சாப்பாட்டுக்குப் பதில் குடிக்கலாம், சாப்பாட்டுக்கு மேல் குடித்தால் அன்று மாலை எங்கும் நகர முடியாது.

அறை எடுக்கும்போது ஆற்றுக்கு எந்தக் கரை என்று பார்த்து எடுக்க வேண்டும். ரயில் நிலையமும் கோயிலும் தென்கரை. டவுன்ஹால் ரோடு, மேலப் பெருமாள் மேஸ்திரி வீதி விடுதிகளிலிருந்து கோயிலுக்கு நடந்தே போகலாம். அழகருக்காகப் போகிறவர்களுக்குத் தல்லாகுளம், கோரிப்பாளையம் இருக்கும் வடகரையே வசதி. இறங்கும் நாளில் போக்குவரத்தைத் திருப்பிவிடுவதால், தென்கரையில் தங்கியவர்கள் பாலம் கடக்கவே ஒரு யுகம் ஆகும். வடகரையில் இன்னொரு லாபம்: மலைக்குத் திரும்பும் முன், தல்லாகுளத்தில் பின்னிரவில் அழகர் பூப்பல்லக்கில் புறப்படுவதை அறையிலிருந்து பொடிநடையாகப் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். அதற்குள் வெளியூர்க் கூட்டத்தில் பாதி ஊருக்குப் போயிருக்கும்.