விமான விபத்து ஏன் நடக்கிறது?

நம் தலைக்கு மேலே விமானம் பறக்கிறது. வயலில் வேலை செய்பவரும் நிமிர்ந்து பார்க்கிறார். முன்பெல்லாம் வசதி உள்ளவர்கள் மட்டுமே விமானத்தில் போனார்கள். இன்று அப்படி இல்லை. கட்டிட வேலைக்கும் வீட்டு வேலைக்கும் வெளிநாடு போகிறவர்கள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களும் விமானத்தில்தான் போகிறார்கள்.

சாலையில் போவதைவிட விமானத்தில் போவதில் ஆபத்து மிகவும் குறைவு. ஆனாலும் எப்போதாவது விபத்து நடந்துவிடுகிறது. உடனே சிலர் "எல்லாம் விதி" என்பார்கள். சிலர் "ஓட்டியவர் செய்த தவறு" என்பார்கள். இதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. ஆனால் உண்மை அத்தனை எளிதல்ல. பெரும்பாலான விபத்துகளுக்கு ஒரே ஒரு காரணம் இருப்பதில்லை. பல சிறு தவறுகள் ஒன்று சேருகின்றன. அப்போதுதான் விபத்து நடக்கிறது.

எப்படி? உண்மையில் நடந்த மூன்று நிகழ்ச்சிகளைப் பார்ப்போம்.

அளவு தவறிய போல்ட்

1990-ஆம் ஆண்டு ஜூன் 10-ஆம் நாள். இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரிலிருந்து ஒரு விமானம் புறப்பட்டது. ஸ்பெயின் நாட்டுக்குப் போகும் விமானம் அது. அதில் 87 பேர் இருந்தார்கள். விமானம் 17,000 அடி உயரத்தைத் தாண்டியது. திடீரென்று தலைமை விமானியின் முன்னால் இருந்த கண்ணாடி பிய்த்துக்கொண்டு போனது.

உயரே போகப்போக வெளியே காற்று குறையும். அதனால் விமானத்துக்குள் காற்றை அடைத்து வைத்திருப்பார்கள். அந்தக் காற்று கண்ணாடியை வெளிப்பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கும். கண்ணாடி போனதும் காற்று வெளியே பாய்ந்தது. தலைமை விமானியின் உடல் பாதி வெளியே போய்விட்டது. பணியாளர்கள் அவருடைய கால்களை இறுகப் பிடித்துக்கொண்டார்கள். துணை விமானி மனம் தளராமல் விமானத்தைத் தரையிறக்கினார். தலைமை விமானி உட்பட எல்லோரும் உயிர் பிழைத்தார்கள்.

இதற்குக் காரணம் என்ன? முந்தைய நாள் விடியற்காலையில் அந்தக் கண்ணாடியைப் புதிதாக மாற்றியிருந்தார்கள். அதில் 90 போல்ட்கள் இருந்தன. அவற்றில் 84 போல்ட்கள் தடிமன் குறைந்தவை. எவ்வளவு குறைவு? ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. மீதி 6 போல்ட்கள் நீளம் குறைந்தவை.

வேலை செய்தவர் அனுபவம் உள்ளவர். ஆனால் அவர் போல்டின் எண்ணைப் புத்தகத்தில் பார்க்கவில்லை. பழைய போல்டைக் கையில் வைத்துக் கண் அளவில் ஒப்பிட்டு எடுத்தார். அது இரவு வேலை. ஆட்கள் குறைவு. போல்ட் எடுத்த இடத்தில் வெளிச்சம் போதவில்லை. வேலை முடிந்ததும் இன்னொருவர் சரிபார்க்க வேண்டும் என்ற விதியும் அந்த வேலைக்கு இல்லை.

இப்போது சொல்லுங்கள். தவறு அந்த ஒருவருடையது மட்டும்தானா?

அலகு தவறிய கணக்கு

1983-ஆம் ஆண்டு ஜூலை 23-ஆம் நாள். கனடா நாட்டில் ஒரு புதிய வகை விமானம் பறந்துகொண்டிருந்தது. அதில் 69 பேர் இருந்தார்கள். விமானம் 41,000 அடி உயரத்தில் இருந்தது. அப்போது எரிபொருள் தீர்ந்துவிட்டது. இரண்டு எஞ்சின்களும் நின்றுபோயின.

எரிபொருள் போடாமல் புறப்பட்டார்களா? இல்லை, போட்டார்கள். ஆனால் வேண்டியதில் பாதிகூட இல்லை.

அந்தச் சமயத்தில் கனடா பழைய அளவுகளை மாற்றிக்கொண்டிருந்தது. பவுண்டு போய்க் கிலோ வந்துகொண்டிருந்தது. இந்தப் புதிய விமானத்துக்குக் கிலோவில் கணக்குப் போட வேண்டும். வேண்டிய எரிபொருள் 22,300 கிலோ. எரிபொருளை லிட்டரில் அளந்து போடுவார்கள். ஒரு லிட்டரின் எடை சுமார் 0.8 கிலோ. பவுண்டில் சொன்னால் 1.77 பவுண்டு. அன்று கணக்குப் போட்டவர்கள் பழைய வழக்கப்படி 1.77 என்ற எண்ணை எடுத்துக்கொண்டார்கள். விடை கிலோவில் வந்ததாக நினைத்தார்கள். உண்மையில் வந்தது பவுண்டு. 22,300 பவுண்டு என்பது சுமார் 10,100 கிலோதான்.

இதுவும் ஒரே தவறு அல்ல. எரிபொருள் அளவைக் காட்டும் கருவி அன்று வேலை செய்யவில்லை. அந்த நிலையில் விமானம் புறப்பட்டிருக்கவே கூடாது. பறக்க அனுமதி உண்டு என்று விமானி தவறாகப் புரிந்துகொண்டார். முன்பெல்லாம் எரிபொருள் கணக்கைப் பார்க்கத் தனியாக ஒரு பொறியாளர் விமானத்தில் இருப்பார். புதிய விமானத்தில் அவர் இல்லை. அந்த வேலை இனி யாருடையது என்பது யாருக்கும் தெளிவாகத் தெரியவில்லை. வழியில் இன்னோர் ஊரில் மறுபடியும் அளந்தார்கள். அங்கும் அதே தவறான எண்ணை வைத்துத்தான் கணக்குப் போட்டார்கள். தவறான கணக்கை இரண்டு முறை போட்டாலும் விடை தவறுதானே!

தலைமை விமானி பாப் பியர்சன் எஞ்சின் இல்லாத மிதவை விமானங்களை ஓட்டிப் பழகியவர். அவர் அந்தப் பெரிய விமானத்தைப் பருந்துபோல மிதக்கவிட்டார். கிம்லி என்ற ஊரில் ஒரு பழைய விமானத் தளத்தில் இறக்கினார். யாரும் சாகவில்லை.

உயரம் தவறிய விமானம்

மூன்றாவது நிகழ்ச்சி நம் நாட்டில் நடந்தது. அதில் யாரும் பிழைக்கவில்லை.

1996-ஆம் ஆண்டு நவம்பர் 12-ஆம் நாள் மாலை. தில்லியிலிருந்து ஒரு சவுதி விமானம் புறப்பட்டது. அதில் 312 பேர் இருந்தார்கள். அவர்களில் பலர் வேலைக்காகச் சவுதி சென்ற நம் நாட்டுத் தொழிலாளர்கள். அதே நேரத்தில் கசகஸ்தான் நாட்டு விமானம் ஒன்று தில்லியை நோக்கி வந்துகொண்டிருந்தது. அதில் 37 பேர் இருந்தார்கள்.

இரண்டும் ஒரே வான்வழியில் எதிரெதிராக வந்தன. இதில் ஆபத்து வராமல் இருக்க உயரத்தைப் பிரித்துக் கொடுப்பார்கள். சவுதி விமானத்துக்கு 14,000 அடி. கசகஸ்தான் விமானத்துக்கு 15,000 அடி. எதிரே விமானம் வருகிறது என்பதையும் தில்லி அதிகாரி கசகஸ்தான் விமானத்துக்குச் சொன்னார்.

ஆனால் கசகஸ்தான் விமானம் 15,000 அடியில் நிற்கவில்லை. மேலும் கீழே இறங்கியது. அரியானா மாநிலம் சர்க்கி தாத்ரி அருகே இரண்டும் மோதின. எரியும் துண்டுகள் வயல்களில் விழுந்தன. 349 பேரும் இறந்தார்கள். நடுவானில் விமானங்கள் மோதிய விபத்துகளில் இதுவே உலகில் மிகப் பெரியது.

நீதிபதி லகோட்டி தலைமையில் விசாரணை நடந்தது. கசகஸ்தான் விமானம் சொன்ன உயரத்துக்குக் கீழே இறங்கியதே முதல் காரணம் என்று தெரிந்தது. அவர்களுக்கு ஆங்கிலம் போதிய அளவு தெரியவில்லை. ரேடியோவில் பேசியவர் ஒருவர். விமானத்தை ஓட்டியவர் வேறொருவர். பேசியவரின் இருக்கையில் உயரம் காட்டும் கருவி இல்லை.

வேறு குறைகளும் இருந்தன. தில்லிக்கு வரவும் போகவும் ஒரே வழிதான் இருந்தது. அப்போதிருந்த ரேடார் விமானம் இருக்கும் இடத்தை மட்டும் காட்டியது. அதன் உயரத்தைக் காட்டவில்லை. ஆகவே விமானம் கீழே இறங்கியதை அதிகாரியால் பார்க்க முடியவில்லை.

விபத்துக்குப் பிறகு

சர்க்கி தாத்ரி விபத்துக்குப் பிறகு மாற்றங்கள் வந்தன. வரும் வழியும் போகும் வழியும் தனித்தனி ஆயின. உயரத்தையும் காட்டும் ரேடார் வந்தது. விமானங்களில் மோதல் எச்சரிக்கைக் கருவி கட்டாயம் ஆனது. இரண்டு விமானங்கள் ஆபத்தான அளவுக்கு நெருங்கினால் இந்தக் கருவி பேசும். ஒரு விமானத்தை "மேலே ஏறு" என்று சொல்லும். மற்றதைக் "கீழே இறங்கு" என்று சொல்லும்.

விமானத்தில் கறுப்புப் பெட்டி உண்டு. பெயர்தான் கறுப்பு. உண்மையில் அதன் நிறம் ஆரஞ்சு. சிதறிய பொருள்களுக்கு நடுவே எளிதாகக் கண்ணில் படவே இந்த நிறம். விமானிகளின் பேச்சும் விமானத்தின் வேகமும் உயரமும் அதில் பதிவாகும். அதை வைத்துக் காரணத்தைத் தேடுவார்கள்.

இந்த விசாரணைக்கு உலகம் முழுவதும் ஒரு விதி உண்டு. மீண்டும் அதே விபத்து நடக்காமல் தடுப்பதே அதன் நோக்கம். பழி சொல்வது நோக்கம் அல்ல. தவறு செய்தவரைத் தண்டித்துவிட்டு இருட்டை அப்படியே விட்டால் என்ன ஆகும்? நாளை வேறொருவர் அதே இருட்டில் அதே தவறைச் செய்வார்.

இது விமானத்துக்கு மட்டும் உரியது அல்ல. கதிர் அடிக்கும் இயந்திரத்தில் கை சிக்குகிறது. பட்டாசு ஆலையில் தீப்பிடிக்கிறது. பூச்சிமருந்து அடித்தவர் மயங்கி விழுகிறார். அப்போதும் நாம் "கவனக்குறைவு" என்ற ஒரு சொல்லோடு நின்றுவிடக் கூடாது. இயந்திரத்துக்கு மூடி இருந்ததா? மருந்தின் அளவை யாராவது படித்துச் சொன்னார்களா? ஓய்வில்லாமல் வேலை வாங்கினார்களா? இப்படிக் கேட்கத் தொடங்கினால் அடுத்த விபத்தைத் தடுக்கலாம்.

கலந்து பேசுவோம்

1. மூன்று நிகழ்ச்சிகளிலும் என்னென்ன சிறு தவறுகள் சேர்ந்தன? பட்டியல் எழுதுங்கள்.
2. ஒருவர் செய்த வேலையை இன்னொருவர் சரிபார்ப்பது ஏன் நல்லது?
3. உங்கள் ஊரில் அல்லது வேலை செய்யும் இடத்தில் நடந்த ஒரு விபத்தை நினைத்துப் பாருங்கள். அதன் காரணங்கள் எவை? அது மீண்டும் நடக்காமல் இருக்க என்ன செய்தார்கள்?