மோட்டாரை நிறுத்தியதும் பாயும் மின்சாரம்!

லால்குடி வயல்களுக்குப் பாயும் வாய்க்காலைச் சட்டென்று அடைத்தால் என்ன ஆகும்? தண்ணீர் பொங்கிப் பலகையை முட்டும்.

பிள்ளைகள் செய்யும் பாட்டரி மோட்டாரிலும் இதே கதைதான்! மோட்டாருக்குள் கம்பிச்சுருள் இருக்கிறது. டிரான்சிஸ்டர் மின்சாரத்தை நிறுத்தியதும், சுருளின் காந்த சக்தி மின்சாரமாகப் பாய்கிறது. 6 வோல்ட் பல மடங்காக எகிறுகிறது. டிரான்சிஸ்டர் பாழாகிறது. பிள்ளையின் உழைப்பும் வீண்!

இந்த விந்தையைப் பற்றி அமெரிக்க விஞ்ஞானி ஜோசப் ஹென்றி 1832-ம் ஆண்டிலேயே எழுதினார்.

தடுக்க என்ன வழி?

மின்சாரத்தை ஒரே பக்கம் விடும் "டயோடு" போதும். ஒரே திசையில் சுற்றும் சிறு மோட்டாருக்கு, "1என்4007" என்று கேட்டு வாங்குங்கள். அதை மோட்டாரின் இரு முனைகளுக்கும் குறுக்கே இணையுங்கள். வெள்ளிக்கோடு உள்ள முனை பாட்டரியின் பிளஸ் பக்கம் இருக்கவேண்டும். எகிறும் மின்சாரம் சுருளுக்கே திரும்பி அடங்கிவிடும்.

மாற்றி வைத்தால் "ஷார்ட்" ஆகிவிடும். ஜாக்கிரதை!